மூன்று விரல் பிரவுன்: விபத்து கொடுத்தது பந்தை மட்டும்தான்

கேள்வி இது: "அமெரிக்க பேஸ்பாலில் நூறு வருஷத்துக்கு முன்னால் 'மூன்று விரல் பிரவுன்' என்று ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) இருந்தாராம். சின்ன வயதில் இயந்திரத்தில் கை சிக்கி விரல் போனதால்தான் யாராலும் அடிக்க முடியாத பந்தை வீசினார் என்கிறார்களே, உண்மையா? அவர் எப்படி ஆடினார்?"

விரல் போனது உண்மை. பந்து விசித்திரமாக வளைந்ததும் உண்மை. அந்த "போனதால்தான்" என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. அதைக் கேட்டால், கை கெட்டதும் மீதியெல்லாம் தானாக நடந்துவிட்ட மாதிரி இருக்கும். நடந்தது அப்படி இல்லை.

முழுப்பெயர் மார்டெகாய் பீட்டர் சென்டெனியல் பிரவுன். 1876 அக்டோபர் 19 அன்று இண்டியானா மாநிலத்தில் நைஸ்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து நூறாண்டு நிறைந்த வருஷம் அது, அதனால்தான் பெயரில் அந்த "சென்டெனியல்". சிறுவனாக இருந்தபோது மாமாவின் பண்ணையில் மாட்டுத்தீவனம் வெட்டும் இயந்திரத்துக்குள் வலது கையை விட்டுவிட்டார். ஆள்காட்டி விரலின் பெரும்பகுதி போய், அடியில் ஒரு முண்டு மட்டும் மிஞ்சியது. கட்டு பிரிப்பதற்குள் ஓடி விளையாடி விழுந்து, அதே கையின் மற்ற விரல்களையும் முறித்துக்கொண்டார். நடுவிரல் கோணலாகக் கூடியது. சுண்டுவிரல் சரியாக அசையாமல் போனது. எண்ணிப் பார்த்தால் கட்டைவிரலையும் சேர்த்து நான்கு விரலும் ஒரு முண்டும் இருந்தன. பத்திரிகைக்காரர்கள் "மூன்று விரல்" என்று எழுதினார்கள், அதுவே நிலைத்துவிட்டது. கூட ஆடியவர்களுக்கு அவர் "மைனர்", அதாவது சுரங்கத்துக்காரர். இளவயதிலேயே நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனவர் அவர்.

சுரங்கத் தொழிலாளர் ஊர்களுக்குள் நடக்கும் ஆட்டங்களில்தான் தொடங்கினார். அப்போது அவர் பிட்சர் கூட இல்லை, மூன்றாவது பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் தொட வேண்டிய நான்கு இடங்களில் மூன்றாவது) நின்று தடுப்பவர். ஒருநாள் வழக்கமான பிட்சர் வராமல் போக, இவர் கையில் பந்தைக் கொடுத்தார்கள். 1901-ல் டெரி ஹோட் நகர அணி, 1902-ல் ஒமாஹா, 1903-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். மேஜர் லீகுக்குள், அதாவது உச்சநிலைப் போட்டிக்குள், நுழையும்போது வயது 26. இந்த வயதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது அந்தப் பந்து. சாதாரண பிட்சர் வளைபந்து வீசும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து பந்துக்குச் சுழற்சி கொடுக்கும். பிரவுனுக்கு ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் முண்டுதான். பந்து அந்த முண்டின் மேல் உரசி, கோணல் நடுவிரல் வழியாக வெளியேறும். முன்னோக்கி உருளுகிற மாதிரியான சுழற்சி அதில் ஏறிவிடும். அப்படிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்தும். பேட்டரின் கண்ணுக்கு நேராக வருவது போல வந்து, மட்டையின் அருகில் சட்டென்று இறங்கும். இறங்கும் பந்தின் மேல்பாதியில்தான் மட்டை படும். அடி தரையோடு உருண்டு போகும். டெட்ராய்ட்டின் டை காப், அந்தக் காலத்தின் மிகப்பெரிய பேட்டர், தான் எதிர்கொண்ட பந்துகளிலேயே இதைத்தான் மிகக் கொடியது என்று பின்னாளில் சொன்னார்.

விரல் போனது உதவியதா என்று பிரவுனையே கேட்டார்கள். நல்ல கையோடு வீசிப் பார்த்திருந்தால் சொல்லலாம், நான் அப்படி வீசியதே இல்லையே என்பதுதான் அவர் பதில். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு அது நேர்மையான பதிலாகத்தான் படுகிறது. போலியோவால் மெலிந்த கையோடு 242 டெஸ்ட் விக்கெட் எடுத்த பி.எஸ். சந்திரசேகரைப் பற்றியும் நாம் இதே பேச்சைத்தான் பேசுகிறோம்: கை அப்படி இருந்ததால்தான் பந்து அப்படி வந்தது என்று. சரி, வந்தது. அதை மூலை பார்த்துப் போடுவது யார் வேலை? பிரவுன் தன் ஆட்ட வாழ்க்கை முழுக்க 9 இன்னிங்ஸுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகத்தான், நான்கு பந்து தவறாகப் போட்டு, இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் கட்டுப்பாட்டை எந்தத் தீவன இயந்திரமும் கொடுக்காது.

செயின்ட் லூயிஸ் அப்போது லீகின் கடைசி அணி. பிரவுன் முதல் வருஷம் 9 வெற்றி, 13 தோல்வி. அந்த டிசம்பரில் அவரைச் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஜாக் டெய்லர் என்ற பிட்சரை வாங்கிக்கொண்டார்கள். சிகாகோ ஏன் டெய்லரை விட்டது? அவர் 1903-ல் உள்ளூர் எதிரணியுடன் நடந்த தொடரில் காசு வாங்கிக்கொண்டு தோற்றார் என்று கப்ஸ் முதலாளிக்குச் சந்தேகம். ஒரு சந்தேகத்தின் புண்ணியத்தில் சிகாகோவுக்குக் கிடைத்த ஆள் பிரவுன்.

அங்கே போனதும் எண்கள் தலைகீழாக மாறின. 1904-ல் 15 வெற்றி, 1905-ல் 18. பிறகு 1906 முதல் 1911 வரை தொடர்ந்து ஆறு வருஷம், வருஷத்துக்கு 20 வெற்றிக்குக் குறையவில்லை. நடுவில் 1906-ல் 26 வெற்றி, 6 தோல்வி. 9 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. ஈ.ஆர்.ஏ. 1.04. அதாவது 9 இன்னிங்ஸுக்கு, தடுப்பவர்களின் பிழையைக் கழித்துவிட்டு, அவர் கொடுத்த ரன் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. 1900-க்குப் பிறகு நேஷனல் லீகில் (இரண்டு மேஜர் லீகுகளில் ஒன்று, கப்ஸ் ஆடியது அதில்தான்) முழு சீசன் வீசியவர்களில் இதைவிடக் குறைத்தவர் இல்லை. எல்லோரும் வாய்பிளந்து பேசும் பாப் கிப்சனின் 1968-ஆம் வருஷக் கணக்கு 1.12.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒருவர் குறுக்கிடுவார்: அந்தக் காலத்துப் பந்தே செத்த பந்து, எல்லோருக்கும் ஈ.ஆர்.ஏ. குறைவாகத்தான் இருந்தது என்று. நியாயமான பேச்சு. ஒரே பந்தை அழுக்கேறி, பழுப்பேறி, தையல் தளரும் வரை போட்டு ஆடினார்கள். எச்சில் தடவி வீசுவதற்கும் தடை இல்லை. ஒரே அடியில் நான்கு பேஸையும் சுற்றி வரும் ஹோம் ரன் அபூர்வம்.

அதோடு கப்ஸின் தடுப்பு வரிசை அந்தக் காலத்திலேயே பெயர் பெற்றது: முதல் பேஸில் அணித்தலைவரும் மேலாளருமான ஃப்ராங்க் சான்ஸ், இரண்டாவதில் ஜானி எவர்ஸ், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் (ஷார்ட் ஸ்டாப்) ஜோ டிங்கர், மூன்றாவதில் ஹாரி ஸ்டைன்ஃபெல்ட், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஜானி கிளிங். தரையில் உருளும் அடிகளை வரவழைக்கும் பிட்சருக்கு இப்படி ஒரு வரிசை கிடைப்பது பெரிய கொடுப்பினை. 1906-ல் பிரவுன் 277 இன்னிங்ஸ் வீசி 144 பேரைத்தான் ஸ்ட்ரைக் அவுட் (அடிக்க விடாமல் தானே வெளியேற்றுவது) செய்தார். மற்ற அவுட்டெல்லாம் பெரும்பாலும் பின்னால் நின்றவர்கள் கைபட்டு விழுந்தவை.

ஆக, பந்தையும் தடுப்பையும் கழித்தால் பிரவுனிடம் என்ன மிஞ்சும்? பார்ப்பது சுலபம், அதே அணியின் மற்ற பிட்சர்களைப் பக்கத்தில் வைத்தால் போதும். ஜாக் ஃபைஸ்டர் அதே 1906-ல் 1.51. எட் ரூல்பாக் 1.65. முழு அணிக்கும் 1.75. அதே பந்து, அதே மைதானம், அதே டிங்கர், அதே எவர்ஸ். அவர்கள் சாதாரணமானவர்களும் இல்லை. வேறு எந்த அணியிலும் முதல் ஆளாக இருந்திருப்பார்கள். அவர்களையே அரை ரன் பின்னால் விட்டார் பிரவுன். அந்த அரை ரன்தான் அவர் சொந்தச் சம்பாத்தியம் என்பேன்.

அந்த வருஷம் கப்ஸ் 116 ஆட்டம் ஜெயித்து 36 மட்டுமே தோற்றது. ஆனால் இரண்டு லீகுகளின் வெற்றி அணிகள் மோதும் வேர்ல்டு சீரிஸில் அதே ஊரின் ஒயிட் சாக்ஸிடம் மண்ணைக் கவ்வியது. அடிக்கத் தெரியாத அணி என்று கேலி செய்யப்பட்டவர்கள் இந்த ஒயிட் சாக்ஸ். பிரவுன் முதல் ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார், நான்காவதில் 1-0 என்று ஜெயித்தார். ஒரே நாள் ஓய்வு கொடுத்து ஆறாவது ஆட்டத்துக்கும் அவரையே இறக்கினார் சான்ஸ். இரண்டு இன்னிங்ஸ்கூட முடியவில்லை, ஏழு ரன் போய்விட்டது. நல்ல பிட்சரைக் கசக்கிப் பிழிந்தால் என்ன ஆகும் என்று சான்ஸுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்பதற்கு 1908 சாட்சி. (நடுவில் 1907-ல் டெட்ராய்டை வென்று பட்டம் வாங்கினார்கள், முடிவு ஆட்டத்தில் பிரவுன் 2-0.)

1908 பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரவுன் யார் என்பது அங்கேதான் தெரியும்.

சிகாகோ, நியூயார்க் ஜயன்ட்ஸ், பிட்ஸ்பர்க் மூன்றும் கழுத்தோடு கழுத்தாக ஓடிக்கொண்டிருந்தன. செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் ஜயன்ட்ஸும் கப்ஸும் 1-1. ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் ஜயன்ட்ஸின் அல் பிரிட்வெல் அடித்த அடியில் மூன்றாவது பேஸிலிருந்தவர் ஓடிவந்து ரன் எடுத்தார். ஆட்டம் முடிந்தது என்று கூட்டம் உள்ளே பாய்ந்தது. முதல் பேஸில் நின்றிருந்த 19 வயது ஃப்ரெட் மெர்க்கிள் இரண்டாவது பேஸைத் தொடாமலே ஓய்வறையைப் பார்த்து ஓடினார். விதிப்படி அவர் தொட்டே ஆக வேண்டும். அதற்கு முன் எதிரணி பந்தோடு அந்த பேஸைத் தொட்டால் அவர் அவுட், ரன்னும் செல்லாது. எவர்ஸ் எங்கிருந்தோ ஒரு பந்தைப் பிடித்து பேஸில் நின்றுகொண்டு முறையிட்டார். நடுவர் ஹாங்க் ஓ'டே அவுட் என்றார். ஆட்டம் டிரா. எவர்ஸ் கையில் இருந்தது ஆட்டப் பந்துதானா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். சீசன் முடிவில் இரு அணிகளும் சமமாக நின்றால் மறுபடி ஆடுவது என்று தீர்ப்பு.

நின்றன. அக்டோபர் 4 அன்று சிகாகோவில் பிட்ஸ்பர்கை 5-2 என்று தோற்கடித்து வெளியேற்றியவர் பிரவுன். அக்டோபர் 8 அன்று கப்ஸ் மறுபடி நியூயார்க் போனது. நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. மைதானம் நிரம்பி, பக்கத்துக் குன்றிலும் மேம்பால ரயில் பாதையின் தூண்களிலும் ஆட்கள் தொங்கினார்கள். விழுந்து ஒருவர் செத்தே போனார். பிரவுனுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்திருந்தன: நியூயார்க்கில் வீசினால் உயிரோடு திரும்ப மாட்டாய் என்று. கடிதங்களை எடுத்துப்போய் சான்ஸிடம் காட்டி, என்னையே முதலில் இறக்குங்கள் என்று கேட்டாராம். சான்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஜயன்ட்ஸை வழக்கமாகச் சாய்ப்பவர் என்று பெயர் எடுத்த ஃபைஸ்டரை அனுப்பினார். முந்தைய இரண்டு வாரத்தில் பிரவுன் ஏறக்குறைய தினமும் வீசியிருந்தார் என்பதும் ஒரு காரணம்.

ஃபைஸ்டர் முதல் ஆளைப் பந்தால் அடித்தார், அதனால் அவருக்கு முதல் பேஸ். இரண்டாம் ஆளை இலவசமாக பேஸுக்கு அனுப்பினார். இரண்டு அவுட் கிடைத்தும் டான்லின் ஓங்கி அடித்த அடியில் ஒரு ரன் விழுந்தது; அடுத்தவருக்கும் இலவசம். முதல் இன்னிங்ஸே முடியவில்லை, சான்ஸ் கையை உயர்த்தினார். எல்லைக்கோட்டுப் பக்கம் வழிந்து நின்ற கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டுதான் பிரவுன் உள்ளே வர வேண்டியிருந்தது, திட்டுகளும் சாபங்களும் காதில் விழ. வந்ததும் ஆர்ட் டெவ்லினை ஸ்ட்ரைக் அவுட் செய்தார்.

எதிரே வீசியவர் கிறிஸ்டி மேத்யூசன், அந்த வருஷம் 37 வெற்றி பெற்றவர், நியூயார்க்கின் செல்லப்பிள்ளை. மூன்றாவது இன்னிங்ஸில் டிங்கர் அடித்த பந்து நடுவில் நின்ற சை சீமோரின் தலைக்கு மேலே போனது. அங்கே தொடங்கி கப்ஸ் நான்கு ரன் எடுத்தது. பிறகு எல்லாம் பிரவுன் பொறுப்பு. ஏழாவதில் ஒரு கண்டம் வந்தது. டெவ்லின் அடித்தார், மெக்கார்மிக் அடித்தார், பிரிட்வெல்லுக்கு இலவசம். மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட்கூட இல்லை. மேத்யூசனுக்குப் பதிலாக லாரி டாயிலை அடிக்க அனுப்பினார்கள். அவர் அடித்தது உயரப் பறந்து பார்வையாளர் பக்கம் போனது. கிளிங் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். மேலிருந்து பாட்டிலும் தொப்பியும் பறந்து வர, பந்தை மட்டும் பார்த்துப் பிடித்தார். அடுத்தவரின் அடியில் ஒரு ரன். அடுத்தது தரையில் உருண்டது, அவுட். மூன்று பேர் நின்ற இடத்தில் ஒரே ஒரு ரன்னோடு தப்பித்தாயிற்று. 4-2.

முடிந்ததும் கப்ஸ் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சான்ஸின் கழுத்தில் யாரோ ஓங்கிக் குத்தினார்கள். ஓய்வறைக் கதவில் போலீஸ் துப்பாக்கியோடு நின்றது. மறுநாளைக்கு மறுநாள் டெட்ராய்ட்டில் வேர்ல்டு சீரிஸ் முதல் ஆட்டம். அதிலும் நடுவில் இறங்கி வென்றவர் பிரவுன். மூன்று நாள் கழித்து நான்காவது ஆட்டம், 3-0, டை காப் இருந்த அணிக்கு ஒரு ரன்கூட இல்லை. அந்த வருஷம் மொத்தம் 29 வெற்றி. அந்தப் பட்டத்துக்குப் பிறகு கப்ஸ் அடுத்த பட்டம் வாங்கியது 2016-ல்.

விபத்துக் கதையைச் சொல்பவர்கள் இந்த வாரத்தைச் சொல்வதில்லை. பந்து எப்படி வளைகிறது என்று இரண்டாவது தடவை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜயன்ட்ஸ் அதை வருஷக்கணக்காகப் பார்த்தவர்கள். களைத்த தோளோடு, கொலை மிரட்டலோடு, மூன்று பேஸும் நிரம்பிய நேரத்தில் அதே பந்தை முழங்கால் உயரத்தில் போட்டதுதான் விஷயம்.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. நடுவில் இறங்கி ஆட்டத்தைக் காப்பாற்றும் வேலைக்கு இன்று தனி ஆட்கள் உண்டு, அன்று கிடையாது. சான்ஸ் தன் சிறந்த பிட்சரையே அதற்கும் பயன்படுத்தினார். அப்படிக் காப்பாற்றிய ஆட்டங்களை எண்ணும் "சேவ்" என்ற கணக்கே பிரவுன் காலத்தில் இல்லை. பின்னாளில் பழைய ஏடுகளைப் புரட்டிக் கணக்கிட்டபோது 1908 முதல் 1911 வரை நான்கு வருஷமும் லீகில் முதலிடம் அவருக்குத்தான் என்று தெரிந்தது. 1911-ல் 13. அதே வருஷம் ஆட்டத்தைத் தொடங்கியும் வீசிக்கொண்டிருந்தார், 21 வெற்றி!

1911-ல்தான் சரிவும் தொடங்கியது. தக்கை உள்ளே வைத்த புதுப் பந்து புழக்கத்துக்கு வந்தது. அடித்தால் பறக்கும் பந்து. முந்தைய வருஷம் நேஷனல் லீகில் அதிக ஹோம் ரன் 10. 1911-ல் கப்ஸின் ஃப்ராங்க் ஷுல்ட்டே மட்டும் 21. பிரவுனின் ஈ.ஆர்.ஏ. 1.86-லிருந்து 2.80-க்கு ஏறியது. வயதும் 35 ஆகப்போகிறது. 1912-ல் முழங்கால் போனது. ஐந்தே வெற்றி. இரண்டு பட்டம் வாங்கித்தந்த ஆளைக் கப்ஸ் முதலாளி சார்லஸ் மர்ஃபி சிறு லீக் அணி ஒன்றுக்குத் தள்ளிவிட்டார். அக்கால ஒப்பந்தப்படி ஆட்டக்காரர் முதலாளியின் சொத்து மாதிரி, வேறு அணிக்குத் தானாகப் போகும் உரிமை கிடையாது.

மீட்டுக்கொண்டது பழைய தோழர் டிங்கர். 1913-ல் அவர் சின்சினாட்டி மேலாளர். அடுத்த வருஷம் புதிதாக முளைத்த ஃபெடரல் லீக் கூடுதல் சம்பளம் காட்டி ஆட்களை இழுத்தபோது பிரவுனும் போனார். 1915-ல் டிங்கரின் சிகாகோ வேல்ஸ் அணியில் 38 வயதில் 17 வெற்றி, 8 தோல்வி. வேல்ஸ் மயிரிழையில் பட்டம் வென்றது, 86-66, இரண்டாவது வந்த செயின்ட் லூயிஸ் 87-67. அதோடு லீகும் மூடப்பட்டது. வேல்ஸின் மைதானம் கப்ஸ் கைக்கு வந்தது. இன்று ரிக்லி ஃபீல்டு என்று சொல்கிறோமே, அதுதான்.

1916 செப்டம்பர் 4 அன்று அதே மைதானத்தில் பிரவுனும் மேத்யூசனும் கடைசியாக மோதினார்கள். கூட்டம் சேர்க்க ஏற்பாடு செய்த ஆட்டம் என்றே சொல்ல வேண்டும். இருவருக்கும் ஆட்டம் முடிந்துபோயிருந்தது. கண்டபடி அடி வாங்கியும் இருவருமே கடைசிவரை வீசினார்கள். மேத்யூசனின் சின்சினாட்டி 10-8 என்று வென்றது. இருவருக்குமே மேஜர் லீகில் அதுதான் கடைசி. பிறகு பிரவுன் சிறு லீகுகளில் கொஞ்ச காலம் ஆடி, டெரி ஹோட்டில் பெட்ரோல் பங்க் நடத்தினார். 1948 பிப்ரவரி 14 அன்று இறந்தார். பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது அடுத்த வருஷம்.

மேத்யூசனா பிரவுனா என்று அடுத்த கேள்வி வரும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். மேத்யூசன் 373 வெற்றி, பிரவுன் 239 வெற்றி, 130 தோல்வி. ஈ.ஆர்.ஏ. அவருக்கு 2.13, இவருக்கு 2.06. நேருக்கு நேர் மோதியதில் பிரவுன் 13, மேத்யூசன் 11. 1905 ஜூனில் மேத்யூசன் ஒரு அடிகூடக் கொடுக்காமல் பிரவுனை 1-0 என்று தோற்கடித்தார். அதற்குப் பிறகு 1908 அக்டோபர் வரை தொடர்ந்து ஒன்பது முறை பிரவுன் பக்கம். மொத்தக் கணக்கில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், கல்லூரியில் படித்த மேத்யூசன் 19 வயதிலேயே ஜயன்ட்ஸுக்கு வந்துவிட்டார். அந்த வயதில் இவர் பேர் தெரியாத சுரங்க ஊர்களில் மூன்றாவது பேஸில் நின்றுகொண்டிருந்தார். நீண்ட காலத்துக்கு ஒரு பிட்சர் வேண்டுமென்றால் நான் மேத்யூசனைத்தான் எடுப்பேன். 1906-க்கும் 1910-க்கும் நடுவில் ஏதோ ஒரு நாள், ஒரே ஒரு ஆட்டம் என்றால், யோசிக்காமல் பந்தைப் பிரவுனிடம் கொடுப்பேன்.